விடியலுக்கு விரல் முளைத்த கதை

கீழ்வானம் வெளுக்கிறது. வெளுத்த வானம் சிவக்கிறது. உழவன் ஏரைத் தோளில் ஏற்றுகிறான். வலைஞன் படகைக் கடலில் இறக்குகிறான். தாய் அடுப்பைப் பற்ற வைக்கிறாள். அரண்மனைக்கும் குடிசைக்கும் ஒரே அளவாய், விலை ஏதுமின்றி நாள்தோறும் வந்து சேரும் காட்சி அது. பூசை செய்தவன் வீட்டில் முன்னதாகவும் செய்யாதவன் வீட்டில் பின்னதாகவும் பொழுது புலர்ந்ததாக எந்த ஊர்க் கணக்கிலும் இல்லை.

அந்தக் காட்சிக்கு மனிதன் ஒரு பெயரிட்டான். பெயரிட்டதில் பிழை இல்லை. பெயரிடத் தெரிந்ததனால்தானே அவன் மனிதன்! ஆயின், இட்ட பெயர் பெயராக நின்றதா? பெயருக்கு முகம் வந்தது. முகத்துக்கு ஏற்ற கை வந்தது. கைக்கு விரல் வந்தது. விரலுக்கு ரோசா நிறம் வந்தது. உடுத்தக் குங்குமப்பூ நிறத்து ஆடை வந்தது. ஏறி வரத் தேர் வந்தது, தேருக்கு இரண்டு குதிரைகள், குதிரைகளுக்கும் பெயர்கள்! பிறகு தந்தை, தாய், உடன்பிறந்தார், கணவன், காதலர், பிள்ளை, சாபம், கண்ணீர். ஒரு சொல், நம் கண்ணெதிரே, குடித்தனம் நடத்தத் தொடங்கிவிட்டது.

பழங்கிரேக்க மொழியில் விடியலைக் குறிக்கும் 'ஏஓஸ்' என்னும் சொல்லின் வரலாறு இது.

"எங்கோ ஏஜியன் கடற்கரையில் எப்போதோ வழங்கிய சொல், அதனால் நமக்கென்ன?" என்று தோழர் ஒருவர் கேட்கக்கூடும். நியாயமான கேள்விதான். பெயர் எப்படித் தேவதையாகிறது, தேவதை எப்படிக் கதையாகிறது, கதை எப்படிக் கல்லைப் பாட வைக்கிறது, முடிவில் கற்றறிந்த பேராசிரியரையே எப்படி மயக்குகிறது என்பதை இந்த ஒரு சொல்லில் வைத்துப் படிக்கலாம். தவிரவும், அயலார் வீட்டுக் கதையை ஆராயும்போது ஆத்திரம் குறுக்கிடாது. அறிவு தன் வேலையை அமைதியாகச் செய்யும். அந்தப் பயிற்சி நமக்குத் தேவை.

சொல்லின் பிறப்பு

கிரேக்கர் அனைவரும் ஒரே மாதிரிப் பேசியவர்கள் அல்லர். ஹோமர் பெயரால் வழங்கும் காவியங்களில் 'ஏஓஸ்'. ஏதென்சு நகரத்தார் நாவில் 'ஹெஓஸ்'. டோரியர் வழக்கில் 'ஆஓஸ்'. லெஸ்பாஸ் தீவில் வாழ்ந்த சாப்போ என்னும் பெண்பாற் புலவரின் வழக்கில் 'அவுஓஸ்'. ஒலி நான்கு; சொல் ஒன்று. பொருள் மட்டும் படிப்படியாக விரிந்தது. முதலில் வைகறை, பின்னர் வைகறையைக் கொண்டு எண்ணப்படும் நாள், பின்னர் வைகறை தோன்றும் கீழ்த்திசை.

கிரேக்க எல்லையைத் தாண்டினால் இந்தச் சொல்லின் உறவினர் வரிசையாக எதிர்ப்படுகின்றனர். இலத்தீனில் 'அவுரோரா'. வடமொழியில் 'உஷஸ்'. பால்டிக் கடலோரத்து லித்துவேனிய மொழியில் 'அவுஷ்ரா'. கிழக்கைக் குறிக்கும் ஆங்கிலத்து 'ஈஸ்ட்', செருமானியத்து 'ஓஸ்ட்' ஆகியனவும் அந்தக் குடும்பமே. 996ஆம் ஆண்டு ஆவணம் ஒன்றில் 'ஓஸ்டர்ரிக்கி' என, கிழக்கு நாடு என்னும் பொருளில், முதன்முதல் காணப்படும் பெயர்தான் பின்னர் ஆஸ்திரியா ஆயிற்று. இவை அனைத்துக்கும் அடியில் இருப்பது ஒளிர்தல், சுடர்தல் என்னும் பொருள் கொண்ட ஒரு வேர். தேவதையும் இல்லை, தேரும் இல்லை. 'ஒளிர்வது' என்றான் ஆதிமனிதன், அவ்வளவே.

"அவுரோரா எங்கே, ஏஓஸ் எங்கே? இரண்டுக்கும் என்ன ஒற்றுமை?" என்ற ஐயம் எழும். இங்கேதான் மொழியறிஞர் வித்தை காட்டாமல் விதியைக் காட்டுகிறார். இரண்டு உயிரொலிகளுக்கு நடுவே நின்ற பழைய சகர ஒலி கிரேக்கத்தில் தேய்ந்து மறைந்தது. இலத்தீனில் ரகரமாகத் திரிந்தது. ஒரு சொல்லில் மட்டும் நேர்ந்த விபத்தன்று இது. இனம் என்னும் பொருளுடைய 'கெனோஸ்' என்ற கிரேக்கச் சொல்லை எடுத்துக்கொள்வோம். 'இனத்தின்' என்று வேற்றுமைப்படுத்தும்போது வரவேண்டிய சகரம் மறைந்து 'கெனெஓஸ்' என்றாகிறது. அதே இடத்தில் இலத்தீன் 'கெனெரிஸ்' என்கிறது. வழி தெரிந்துவிட்டதல்லவா? 'அவுசோஸ்' என்பது போன்ற ஒரு பழஞ்சொல்லிலிருந்து, சகரத்தை இழந்து ஏஓஸ் ஒருபக்கம் நடந்தது. சகரத்தை ரகரமாக்கி அவுரோரா மறுபக்கம் நடந்தது. முகம் மாறினும் குருதி மாறவில்லை.

இனி நேர்மாறான ஒன்றைப் பார்ப்போம். ஏதென்சு வழக்கில் 'ஹெஓஸ்' என்றே இன்னொரு சொல் உண்டு. அதன் பொருள் 'வரையில்' என்பது. எழுத்தில் இரண்டும் இரட்டைப் பிள்ளைகள். கற்பனை வளம் மிக்க ஒருவர் கையில் இது கிடைத்தால், "இரவின் எல்லை விடியல், எல்லை வரையில் என்பதே வரையில், ஆதலின் இரண்டும் ஒரே சொல்!" என்று மாலை தொடுத்துவிடுவார். மாலை மணக்கத்தான் செய்யும். ஆனால் உண்மை என்ன? 'வரையில்' என்னும் ஹெஓஸ், வடமொழி 'யாவத்' என்பதன் உறவு. விடியலாகிய ஹெஓசுக்கும் அதற்கும் யாதொரு தொடர்பும் இல்லை. ஒன்றுபோல் ஒலிப்பவை உறவல்லாதவையாக இருக்கலாம். ஒலியில் தொலைவாய் நிற்பவை உடன்பிறப்புகளாக இருக்கலாம். காது மட்டும் இருந்தால் போதாது; சான்று வேண்டும்.

தேவமொழியின் தாய்மை

உறவினர் வரிசையில் உஷஸ் இருப்பதைக் கண்டதும் ஒரு கூட்டம் உள்ளம் குளிர்ந்துவிடுகிறது. "பார்த்தீர்களா! உலக மொழிகளுக்கெல்லாம் தாய் சமஸ்கிருதமே. உஷஸ்தான் கிரேக்கம் போய் ஏஓஸ் ஆயிற்று!" என்கிறது. ரிக் வேதத்தில் உஷைக்கென்றே சுமார் 20 பாடல்கள் இருப்பதையும் எடுத்து வைக்கிறது.

பாடல்கள் இருப்பது உண்மை. பசுவையும் குதிரையையும் செல்வத்தையும் அவளிடம் வேண்டிப் பெறும் ஆவல் அவற்றில் இருப்பதும் உண்மை. அழகிய வருணனைகள் இருப்பதை மறுக்கவும் நமக்குத் தேவையில்லை. ஆனால் தாய்மை? 'அவுஓஸ்' என்று சாப்போவின் நாவிலும், 'அவுரோரா' என்று ரோமானியர் நாவிலும், 'அவுஷ்ரா' என்று லித்துவேனியர் நாவிலும் முன்னின்று ஒலிக்கும் 'அவு' என்னும் தொடக்கம் உஷஸ் என்பதில் இல்லை. அங்கே வெறும் உகரமே நிற்கிறது. மகள்கள் மூவரிடம் உள்ள அணி தாயிடம் இல்லையென்றால், அவர்களுக்கு அதைக் கொடுத்தவர் யார்? ஒருவரோடொருவர் தொடர்பற்று வாழ்ந்த மூன்று மக்களும் தனித்தனியே ஒரே அணியைச் செய்துகொண்டனரா? உஷஸ் தாய் அல்லள். அவளும் ஒரு மகள் என்று கொண்டால் சிக்கல் தீர்கிறது. 1786இல் கல்கத்தாவில் வில்லியம் ஜோன்ஸ் ஆற்றிய உரையிலேயே இது உள்ளது. சமஸ்கிருதம், கிரேக்கம், இலத்தீன் ஆகிய மூன்றும் ஒரு பொது மூலத்திலிருந்து கிளைத்தவை, அந்த மூலம் இப்போது இல்லாமலும் போயிருக்கலாம் என்பதே அவர் கருத்து. அவரைச் சமஸ்கிருதத்தின் புகழுக்குச் சாட்சியாக அழைப்போர் இந்தப் பகுதியை மட்டும் மெல்ல மறந்துவிடுவர்.

அந்த மூலமொழியைப் பேசியவர் தேவரல்லர். ஆடுமாடு மேய்த்த மனிதர்.

பாணனின் விடியல்

சொல்லுக்கு விரல் முளைத்தது எப்போது? ஹோமரின் காவியங்களில் அது முளைத்தே நிற்கிறது. 'ரோசா விரலாள்' என்பது அவளுக்கு நிலைத்த அடைமொழி. அந்த அடைமொழியோடு அவள் தோன்றும் ஒரே வரி ஒடிசிக் காவியத்தில் மட்டும் சுமார் 20 முறை வருகிறது. பழைய உரையாசிரியர்கள் இதைக் கண்டு தடுமாறினர். மாபெரும் புலவனுக்குச் சொற்பஞ்சமா? அல்லது தேவதையிடம் அத்தனை பக்தியா?

இரண்டும் இல்லை என்று காட்டியவர் மில்மன் பாரி என்னும் அமெரிக்க இளைஞர். 1928இல் பாரிசுப் பல்கலைக்கழகத்துக்கு அளித்த ஆய்வுகளில், இத்தகைய நிலைமொழிகள் யாப்பின் தேவைக்கு ஏற்பப் பாணர் மரபு தலைமுறை தலைமுறையாகச் சேர்த்து வைத்த கருவிகள் என்று நிறுவினார். பின்னர் 1933 முதல் 1935 வரை யூகோஸ்லாவியா சென்று, அங்கே நீண்ட வீரப்பாடல்களை ஏட்டின் துணையின்றிப் பாடிக்கொண்டிருந்த நாட்டுப்புறப் பாடகர்களின் குரலைப் பதிவு செய்து, தம் கொள்கையை உயிருள்ள சான்றால் சோதித்தார். அவையில் நின்று, பாடிக்கொண்டே பாட்டைக் கட்டும் பாணனுக்கு மூச்சு வாங்க ஓரிடம் வேண்டும். அடுத்த நாள் கதைக்குத் தாண்ட ஒரு பாலம் வேண்டும். 'ரோசா விரலாள்' அந்தப் பாலம். கொத்தன் கையில் செங்கல் எப்படியோ, பாணன் நாவில் அவள் அப்படி. செங்கல்லைக் கும்பிட்டவன் கொத்தன் அல்லன், பின்னால் வந்தவன்.

அதே காவியத்தில் அதே சொல் அணி எதுவும் இன்றி வருமிடம் ஒன்றுண்டு. இலியட்டின் 21ஆம் பகுதி. திராய் நகரத்து மன்னன் பிரியாமின் மகன் லைக்கேயோன், முன்னொருமுறை அக்கிலீசிடம் பிடிபட்டு, லெம்னாஸ் தீவில் விற்கப்பட்டு, மீட்கப்பட்டு வீடு திரும்புகிறான். மறுபடியும் அதே அக்கிலீசின் கையில் அகப்படுகிறான். ஆயுதமில்லை. முழங்காலைப் பற்றிக்கொண்டு உயிருக்கு மன்றாடுகிறான். தான் ஊர் திரும்பிய பின் இது பன்னிரண்டாம் ஏஓஸ் என்கிறான். ரோசா விரல் இல்லை, குங்குமப்பூ ஆடை இல்லை. பன்னிரண்டு விடியல்கள் மட்டுமே தனக்குக் கிடைத்தன என்னும் கணக்கு ஒன்றுதான். அக்கிலீசு இரங்கவில்லை, வாள் இறங்குகிறது.

காவியத்தில் விடியல் உண்மையில் விடிகிற இடம் இது என்போம் நாம். இருபது முறை ஒப்பனையோடு வந்தவள் தராத நடுக்கத்தை, ஒப்பனையின்றி வந்த ஒரு சொல் தருகிறது. சாகப்போகிறவனுக்கு விடியல் என்பது தேவதையன்று, நாள். எண்ணி முடிந்த நாள்.

அவளுக்கு மட்டும் சாபம்

தேவதை என்று ஆக்கியாயிற்று. அவளுக்கு வாழ்க்கை வேண்டுமே! எசியடு என்னும் புலவர் அவளை ஐப்பீரியனுக்கும் தேயாவுக்கும் மகளாக்கினார். ஞாயிற்றையும் திங்களையும் உடன்பிறந்தாராக்கினார். காற்றுகளையும் விடிவெள்ளியையும் பிள்ளைகளாக்கினார். இது குழந்தைப் பருவத்து வானியல், குற்றம் சொல்வதற்கில்லை. விடியலில் காற்று எழுவதையும் வெள்ளி முளைப்பதையும் கண்டவன், கண்டதை உறவுமுறையில் எழுதி வைத்தான்.

காதல் கதைகளில்தான் மனிதனின் நேர்மையின்மை நுழைகிறது. ஒரையன், கிளைட்டஸ், கெபலஸ், டித்தோனஸ் என்று அழகிய ஆடவரைக் கண்டு மயங்கி ஏஓஸ் அவர்களைத் தூக்கிச் சென்றாளாம். இதற்குப் பிற்காலத்து அப்பல்லோடோரஸ் நூல் காரணமும் கற்பிக்கிறது: போர்த்தெய்வம் ஏரிசுடன் அவள் கூடியதனால் சினந்த அப்ரோடைட்டி, ஓயாமல் காதலிக்கும்படி அவளைச் சபித்தாளாம்.

நாம் ஒன்று கேட்கிறோம். கிரேக்கரின் தலைமைத் தெய்வமாகிய சீயஸ் காளையாக வந்து ஐரோப்பாவைத் தூக்கிச் சென்றான். அன்னமாக வந்து லீடாவைக் கூடினான். அவனை யார் சபித்தார்? ஆடவன் செய்தால் அது ஆற்றல், திருவிளையாடல். பெண் செய்தால் அது நோய், சாபம், பிறர் இட்ட தண்டனை! வியப்பு என்னவெனில், இந்தக் கேள்வியை நாம் முதலில் கேட்கவில்லை. ஒடிசியின் ஐந்தாம் பகுதியிலேயே கலிப்சோ என்னும் பெண் தெய்வம் இதே முறையீட்டை எழுப்புகிறாள். பெண் தெய்வம் ஒரு மனிதனை விரும்பினால் ஆண் தெய்வங்களுக்குப் பொறுக்கவில்லை என்று குமுறி, ஏஓசையும் ஒரையனையும் சான்றாகக் காட்டுகிறாள். பாணனின் நாவு, அறிந்தோ அறியாமலோ, அநீதியைப் பதிவு செய்து வைத்துவிட்டது. பக்தன் அந்த இடத்தை விரைந்து கடப்பான். திறனாய்வாளன் அங்கேதான் நிற்க வேண்டும்.

டித்தோனஸ் கதை இன்னும் ஆழமானது. திராய் நகரத்து இளவரசனாகிய அவனுக்குச் சாவாமை வேண்டும் என்று சீயசிடம் கேட்டாள் ஏஓஸ், பெற்றாள். மூவாமையைக் கேட்க மறந்தாள். அவன் சாகவில்லை; மூத்தான். நரைத்தான், தளர்ந்தான், கைகால் அசைக்கவும் இயலாதவனானான். அறையில் இட்டுக் கதவை அடைத்தாள். குரல் மட்டும் ஓயாமல் உள்ளேயிருந்து ஒலித்தது என்கிறது அப்ரோடைட்டியைப் பற்றிய பழம்பாடல்.

இந்தக் கதையைச் சாப்போ கையாண்ட முறை போற்றத்தக்கது. அந்தப் பாடலின் சிதைந்த பகுதிகள் எகிப்தின் ஆக்சிரிங்கஸ் குப்பை மேட்டில் கிடைத்த பாப்பிரசுத் தாளிலிருந்து 1922இல் வெளியாயின. கொலோன் பல்கலைக்கழகத்திலுள்ள இன்னும் பழைய தாள்கள் 2004இல் வெளியானபோது பாடல் பெரிதும் நிறைவுற்றது. முழங்கால் சுமக்க மறுப்பதையும் கூந்தல் வெளுத்ததையும் கூறி, மனிதராய்ப் பிறந்தவர் மூப்பைத் தவிர்க்க இயலாது என்று தெளிந்து, அதற்கு எடுத்துக்காட்டாக மட்டுமே டித்தோனசை அழைக்கிறார். வரம் கேட்கவில்லை, வழிபடவில்லை. தேவதையின் துணையே மூப்பைத் தடுக்கவில்லையே என்னும் கதையைக் கொண்டு, மனித உடலைப் பற்றிய உண்மையைச் சொல்லிவிடுகிறார். கதையைக் கருவியாகக் கொள்வது கவிதை. கதைக்குக் கருவியாகிவிடுவது மூடத்தனம். இரண்டாயிரத்து அறுநூறு ஆண்டுகளுக்கு முன் ஒரு பெண் இந்த வேறுபாட்டைக் கையாண்டு காட்டினார்.

கல் பாடிற்று

ஏஓசின் மகன் மெம்னோன், எத்தியோப்பியர் மன்னன், திராய்ப் போரில் அக்கிலீசால் மாண்டான் என்பது கதை. இறந்த மகனை இரு கைகளாலும் ஏந்தி நிற்கும் தாயாக, தூரிஸ் என்னும் ஓவியர் அவளை ஒரு கிண்ணத்தில் வரைந்தார். பாரிசின் லூவர் அருங்காட்சியகத்தில் அது இருக்கிறது. அந்த ஓவியத்தின் முன் நிற்க எவருக்கும் தெய்வ நம்பிக்கை தேவையில்லை. பிள்ளையை இழந்த தாயைப் பார்க்கக் கண் இருந்தால் போதும்.

ஆனால் கதை கிண்ணத்தோடு நிற்கவில்லை. எகிப்தில், இன்றைய லக்சருக்கு எதிரே, நைல் ஆற்றின் மேற்கரையில் ஏறத்தாழ 18 மீட்டர் உயரமுள்ள இரண்டு சிலைகள் அமர்ந்திருக்கின்றன. கி.மு. 14ஆம் நூற்றாண்டில் ஆண்ட மூன்றாம் அமென்ஹோத்தெப் மன்னன் தனக்கென எழுப்பியவை அவை. கி.மு. 27இல் நேர்ந்த நிலநடுக்கத்தில் வடபுறச் சிலை பிளந்தது. பிளந்த பின், விடியற்காலையில் அதிலிருந்து ஓர் ஒலி கேட்கலாயிற்று. "ஆகா! மெம்னோன் தன் தாயாகிய விடியலை வரவேற்கிறான்!" என்றனர் கிரேக்கரும் ரோமானியரும். கூட்டம் திரண்டது. 130இல் பேரரசர் ஆட்ரியன் மனைவியோடு வந்தார்; உடன்வந்த யூலியா பால்பில்லா என்னும் பெண்பாற் புலவர், சாப்போவின் பழைய வழக்கிலேயே பாட்டெழுதிச் சிலையின் காலில் பொறிப்பித்தார். அந்தக் கால்களில் 100க்கு மேற்பட்ட பொறிப்புகள் உள்ளன.

கூட்டத்தில் ஐயுற்றவர் ஒருவரேனும் உண்டா? உண்டு. நிலநூல் அறிஞர் ஸ்ட்ராபோ, எகிப்தின் ரோம ஆளுநர் ஏலியஸ் காலசுடன் அங்கே சென்றார். ஒலியைத் தாமே கேட்டார். கேட்டும் கும்பிடவில்லை. அடிப்பீடத்திலிருந்து வந்ததா, சிலையிலிருந்து வந்ததா, சுற்றி நின்றவருள் எவரேனும் வேண்டுமென்றே எழுப்பினாரா என்று தெரியவில்லை என எழுதினார். பின்னர் வந்த பௌசேனியஸ் இன்னொன்றைக் குறிக்கிறார்: அந்த ஊரார் அது மெம்னோன் சிலை என்பதையே ஒப்பவில்லையாம், தங்கள் நாட்டவனாகிய பமெனோப்பின் சிலை என்றனராம். சிலைக்கு உரியவனின் பெயரை உள்ளூரான் அறிவான். வந்தேறிய கதைக்குத்தான் ஊர் மக்களிடம் கேட்கத் தோன்றவில்லை.

இரவின் குளிரும் பனி ஈரமும் விரிசல்களில் தங்க, காலை வெயில் தாக்கியதும் கல் விரிந்து, ஈரம் ஆவியாகும்போது எழுந்த ஒலி அது என்பதே இன்று தரப்படும் விளக்கம். பிற்காலத்தில், செப்டிமியஸ் செவரஸ் ஆட்சியில் என்பர், பிளந்த பகுதியைக் கற்களை அடுக்கிச் செப்பனிட்டனர். தெய்வமகனைச் சிறப்பிக்கச் செய்த திருப்பணி! பாட்டு நின்றது. விரிசலில் இருந்த தெய்வம் விரிசலோடு போயிற்று.

இங்கே ஒரு நுட்பத்தையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். கல் தானே ஒலித்தது என்று நம்ப ஸ்ட்ராபோ தயங்கினார். இன்றைய விளக்கப்படி ஒலித்தது கல்தான். அவர் ஐயம் முழு உண்மையைக் கண்டுவிடவில்லை. ஆயினும், ஐயுற்றவன் தவறினால் அடுத்தவன் திருத்தலாம். கும்பிட்டவன் தவறினால் கோயில் எழும்பும்.

ஒளி கொணர்ந்தவன் சாத்தானானான்

விடிவெள்ளிக்குக் கிரேக்கர் இட்ட பெயர் 'ஹெஓஸ்பொரோஸ்'. விடியலைக் கொணர்பவன் என்பது பொருள். யூதர்களின் மறைநூலைக் கிரேக்கத்தில் பெயர்த்தவர்கள், பாபிலோன் மன்னனின் வீழ்ச்சியை எள்ளும் ஏசாயா 14ஆம் அதிகாரத்தில் இந்தச் சொல்லை வைத்தனர். இலத்தீனில் அது 'லூசிபர்' ஆயிற்று: ஒளி கொணர்பவன். விழுந்த மன்னனைக் குறித்த வசைக்கவி, பிற்காலத்தார் கையில் விழுந்த தேவதூதனின் வரலாறாக மாறிற்று. லூசிபர் என்பது சாத்தானின் பெயராயிற்று. அதே இலத்தீன் மறைநூல், பேதுருவின் இரண்டாம் கடிதத்தில், உள்ளங்களில் உதிக்கும் விடிவெள்ளி என்று நற்பொருளில் அதே சொல்லை வழங்குகிறது! ஒளி கொணர்பவன் ஓரிடத்தில் நம்பிக்கை, ஓரிடத்தில் நரகத்தின் தலைவன். சொல் என்ன செய்யும்? ஏற்றுவோர் ஏற்றிய சுமையைத் தாங்கும்.

பேராசிரியர் கண்ட விடியல்

பாமரன் மட்டுமா மயங்கினான்? 1856இல் ஆக்ஸ்போர்டுப் பேராசிரியர் மாக்ஸ் முல்லர் ஒப்பியல் புராண ஆய்வு ஒன்றை வெளியிட்டார். இயற்கையைக் குறித்த பெயர்களின் பொருள் மறந்துபோனபோது கதைகள் பிறந்தன; புராணம் மொழிக்கு வந்த நோய் என்பது அவர் கருத்து. பெயர் தேவதையான கதையை நாமே மேலே கண்டோம். ஆதலின் அவர் தொடங்கிய இடம் நல்ல இடம். போய்ச் சேர்ந்த இடந்தான் வேறு. எங்கு நோக்கினும் அவருக்கு விடியலே தெரிந்தது. அப்பல்லோ துரத்திய டாப்னி விடியல். ஏதென்சின் காவல் தெய்வம் அதீனா விடியல். விடியலைக் குறிப்பதாக அவர் கொண்ட 'அஹனா' என்னும் வேதச் சொல்லே இரண்டுக்கும் மூலம் என்றார். ஏஓசை உஷசோடு இணைத்த ஒலிவிதிகள் இந்த இணைப்பை ஏற்கவில்லை. விதியை விட்டார், விருப்பத்தைப் பற்றினார்.

1870இல் டப்ளினில் மாணவர் இதழ் ஒன்றில் லிட்டில்டேல் என்னும் பாதிரியார் எழுதிய எள்ளல் கட்டுரை புகழ்பெற்றது. மாக்ஸ் முல்லர் என்று ஒருவர் இருந்ததே இல்லை. அவரும் ஒரு ஞாயிற்றுக் கதைத்தலைவரே என்று, முல்லரின் முறையைக் கொண்டே 'நிறுவி'விட்டார்! எதையும் நிறுவும் முறை எதையும் நிறுவாத முறை என்பதை இதைவிட இனிமையாகச் சொல்ல இயலாது.

அதே 1856இல்தான் கால்டுவெல்லின் திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணமும் வெளிவந்தது. தமிழும் அதன் உறவு மொழிகளும் வடமொழியின் கிளைகள் அல்ல என்பதை, பெயர்ச்சொல் வேற்றுமை, மூவிடப்பெயர், எண்ணுப்பெயர், வினையமைப்பு என்று அடியிலிருந்து கட்டி நிறுவினார். சித்திய மொழிகளோடு அவர் கூறிய உறவு பின்னர் நிலைக்கவில்லை; அவர் வகுத்த குடும்பம் நிலைத்தது. சான்றால் எழுந்தது நின்றது. சான்றின் எல்லை தாண்டியது விழுந்தது.

இதனை நம்மவர்க்கும் சேர்த்தே சொல்கிறோம். வடமொழியைத் தேவமொழி என்பாரை மறுக்கப் புறப்பட்ட ஆர்வத்தில், உலகத்துச் சொல்லையெல்லாம் தமிழ் என்று பிளந்து காட்டும் தோழர்கள் உளர். ஒலி ஒத்தால் போதும், கிரேக்கமும் தமிழ், இலத்தீனும் தமிழ் என்கின்றனர். அன்பு புரிகிறது, அளவுகோல் புரியவில்லை. எதிரியின் கையிலிருக்கும்போது போலி நாணயம் என்று நாம் காட்டிக்கொடுத்ததை, நம் பையிலிருக்கும்போது பொன் என்று சொல்லலாமா? இரண்டு ஹெஓஸ்களை நினைவில் வையுங்கள். தமிழின் தனித்தன்மைக்கு விதி சான்று கூறும்போது வித்தை எதற்கு?

ஏட்டின் பெயர் விடியல்

ஓவிட் என்னும் ரோமப் புலவர், தம் உருமாற்றக் கதைகளில், தெய்வங்களுள் தன் கோயில்களே மிகச் சில என்று விடியலையே சொல்ல வைக்கிறார். உண்மைதான். காவியமெங்கும் திரிந்த ஏஓசுக்குக் கிரேக்க நாட்டில் வழிபாடு அரிது. அஞ்ச வைக்காத தெய்வத்துக்கு உண்டியல் நிறைவதில்லை. கேளாமலே வருகிறவளுக்கு லஞ்சம் கொடுப்பவர் இல்லை. கோயில் இல்லாததனாலேயே அந்தச் சொல் தப்பிப் பிழைத்தது என்றும் சொல்லலாம்.

பிழைத்த சொல்லின் உறவினளாகிய 'அவுஷ்ரா', பத்தொன்பதாம் நூற்றாண்டில் செய்த பணி ஒன்றுண்டு. லித்துவேனியாவை ஆண்ட ருசிய சார் அரசு, 1865 முதல் 1904 வரை, லித்துவேனிய மொழியை அம்மக்களின் இலத்தீன் எழுத்தில் அச்சிடத் தடை விதித்தது. ஆள்வோரின் எழுத்தில் அச்சிட்டால் தடையில்லை என்றது. மக்கள் பணிந்தனரா? எல்லைக்கு அப்பால், கிழக்குப் பிரசியாவில் அச்சிட்டனர். மூட்டைகளில் மறைத்து, காவலரின் துப்பாக்கிக்குத் தப்பி, ஊர் ஊராகக் கொண்டு சென்றனர். அவ்வாறு 1883இல் தொடங்கி 1886 வரை வந்த இதழ் ஒன்றின் பெயர் 'அவுஷ்ரா': விடியல். அதன் முதல் ஆசிரியர் யோனாஸ் பசனாவிசியஸ் என்னும் மருத்துவர். 1918 பிப்ரவரி 16இல் லித்துவேனியாவின் விடுதலை அறிக்கையில் கையொப்பமிட்ட 20 பேருள் அவரும் ஒருவர்.

கிரேக்கத்தில் தேர் ஏறிய சொல், லித்துவேனியாவில் ஒரு மூட்டைக்குள் மறைந்து நடந்து வந்தது. தேரில் வந்தபோது அவள் எவருடைய இருளையும் நீக்கவில்லை. நாள்தோறும் நீங்கும் இருளுக்குப் பெயர் சூட்டிக்கொண்டாள். மூட்டையில் வந்தபோது, தானே நீங்காத இருள் ஒன்றை நீக்க உதவினாள். அச்சிட்டவன் கையும் சுமந்தவன் காலும் படித்தவன் கண்ணும் சேர்ந்தபோது.

தோழர்காள்! விடியலைக் கும்பிட வேண்டா. அது கும்பிடாமலே வரும். கும்பிடாமல் வரும் விடியல் வேறு, உழைத்தால் மட்டுமே வரும் விடியல் வேறு. இரண்டையும் ஒன்றென மயங்காதிருப்பதே ஒரு பழஞ்சொல் நமக்குத் தரும் பாடம்.